காகிதக் கணக்கும் காற்றுக் கணக்கும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். இவ்விரண்டையும் முடித்த பிறகு ஒரு மனிதனிடம் பணமோ தைரியமோ மிஞ்சும் என்று அவர்கள் நினைக்கவில்லை போலும். நினைத்திருந்தால், "ஆகாய விமானத்தைக் கட்டிப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்.

இது பரிகாசமன்று. அமெரிக்காவில், வீட்டை ஒட்டிய மோட்டார் ஷெட்டில் தம் கையாலேயே கட்டிய சிறு விமானங்களில் ஜனங்கள் சனி ஞாயிறுகளில் பறந்து போய், வெளியூரில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிறார்கள். ஆரெகான் மாகாணத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் என்னும் எஞ்சினீயர் 1973-ல் ஆரம்பித்த கம்பெனி ஒன்று விமானத்தின் படங்களையும் பாகங்களையும் பெட்டி பெட்டியாக அனுப்புகிறது. அப்பெட்டிகளிலிருந்து பிறந்து ஆகாயம் ஏறிய விமானங்கள் மட்டும் 10,000-க்கு மேல். இந்த ஒரு நாள் பிரயாணங்களுக்கு அந்நாட்டார் தாங்களே வைத்திருக்கும் பரிகாசப் பெயர் 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்பது. சில டாலர் பெறும் பலகாரத்தைத் தின்ன நூறு டாலர் செலவழித்துப் போகிறோம் என்பது பொருள்.

இவ்விமானங்களைப் பற்றிய அமெரிக்கச் சட்டத்தில் நமது கவனத்தைக் கவர்ந்த விதி ஒன்று உண்டு. கட்டும் வேலையில் பெரும் பகுதியைச் சொந்தக்காரரோ அவரைச் சேர்ந்த பொழுதுபோக்காளரோ தம் கையாலேயே செய்திருக்க வேண்டும்; அதையும் தம்முடைய கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ மாத்திரமே செய்திருக்க வேண்டும். ஆகாய விமானச் சட்டத்திற்குள் கல்வி என்ற சொல் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டால் பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஆனந்தம் உண்டாகாதா? அந்தக் கல்வியில் கற்றுத் தரப்படுவது யாது என்பதை நேரிலேயே பார்க்கும் சந்தர்ப்பம் 2023-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் நமக்கு வாய்த்தது.

நாம் கணித ஆசிரியர். உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வருஷம் நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது கலிபோர்னியாவில், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் கிழக்கே லிவர்மோர் என்ற ஊரில், கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறார். மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் உழைத்து, ஏழு வருஷத்தில் அவர் கட்டி முடித்தது மேற்சொன்ன கம்பெனியின் ஆர்.வி.9ஏ என்னும் வகை. அருகருகே இரண்டு ஆசனம். 160 குதிரைச் சக்தி எஞ்சின். அலுமினியத் தகட்டு உடல். தகடுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் ரிவெட் ஆணிகள் பல்லாயிரம். ஒவ்வொன்றையும் இவர் ஒரு பக்கம் அடிக்க, மறு பக்கம் இவருடைய மனைவி இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமாம். "கல்யாணத்தின் உறுதியைப் பரீட்சிக்க இதைவிட நல்ல வழி கிடையாது, ஸார்" என்றார். அந்த அம்மாளும் மறுக்கவில்லை.

விமானக் கொட்டகையில் அதை முதன் முதலாகப் பார்த்தபோது வெள்ளையும் நீலமுமாகப் பளபளவென்று, வாங்கிய சாமான் போலவே இருந்தது. ஏறும் இடத்தருகே பெரிய எழுத்துக்களில் 'பரீட்சார்த்தம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உள்ளே கண்ணுக்கு நேராக இன்னொரு பலகை: இவ்விமானம் அமெச்சூர் ஒருவரால் கட்டப்பட்டது, சாதாரண விமானங்களுக்குரிய அரசாங்கப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று என்று பிரயாணிக்கு எச்சரிக்கை. அதை நாம் இரண்டு முறை படித்தோம்.

"பயமாக இருக்கிறதா, ஸார்?"

"நீ கணக்குப் போட்டிருக்கிறாயா, அப்பா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு தடித்த நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து நம் கையில் கொடுத்தார். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த நோட்டுப் புஸ்தகத்தைப் பற்றியதுதான்.

கட்டி முடித்த விமானத்தில் உடனே மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. எஞ்சினும் சுழல் விசிறியும் அங்கீகாரம் பெற்ற ஜோடியாக இருந்தால் 25 மணி நேரமும், இல்லாவிட்டால் 40 மணி நேரமும், குறித்த எல்லைக்குள்ளேயே பறந்து பரீட்சை செய்ய வேண்டும். அதுவரை பிரயாணிகளுக்கு இடமில்லை. எந்த வேகத்தில் மிக விரைவாக உயரம் ஏறுகிறது, எந்த வேகத்துக்குக் கீழே இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கின்றன, எவ்வளவு எடையோடு இவை பரீட்சிக்கப்பட்டன என்பவற்றையெல்லாம் கட்டியவரே கண்டறிந்து புஸ்தகத்தில் பதிய வேண்டும்.

இந்த நிபந்தனைக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் 1901-ஆம் வருஷத்தில் கட்டிய மிதவை விமானம், அந்நாளில் கிடைத்த அட்டவணைகளின்படி தூக்க வேண்டிய பாரத்தைத் தூக்கவில்லை. அவர்கள் சோர்ந்து போனார்கள். ஆனால் அட்டவணையை நம்பி உட்கார்ந்து விடவில்லை. தங்கள் சைக்கிள் கடையிலேயே ஆறடி நீளத்துக்கு ஒரு மரப் பெட்டி செய்து, அதற்குள் காற்றை ஓட்டி, சுமார் 200 வகைச் சிறு இறக்கைகளைத் தாங்களே அளந்தார்கள். 1903 டிஸம்பர் 17-ந் தேதி 12 விநாடியில் 120 அடி பறந்தது அந்த அளவையின் பலன். இதற்கு மாறான கதையும் ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்து ஆன்ரி மின்யே என்பவர், சாமானியரும் கட்டக்கூடிய குட்டி விமானம் ஒன்றைப் பற்றி 1934-ல் புஸ்தகம் வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் மோகம் பரவிற்று, நூற்றுக்கணக்கானோர் கட்டினார்கள். பிறகு மரணங்கள் நேர்ந்தன. பெரிய காற்றுச் சுரங்கங்களில் வைத்துப் பரீட்சித்தபோதுதான், அவ்விமானம் ஓர் அளவுக்கு மேல் தலை கவிழ்ந்தால் ஓட்டுபவன் என்ன செய்தாலும் நிமிராது என்பது வெளியாயிற்று. முன்னால் செய்ய வேண்டிய பரீட்சை பின்னால் நடந்தது.

இனி நம் மாணவரின் நோட்டுப் புஸ்தகத்துக்கு வருவோம். முதல் பக்கத்தில் இருந்தது எடை. மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளின்மேல் ஏற்றி நிறுத்துப் பார்த்ததில், வெறும் விமானம் 1,090 ராத்தல் இருந்தது. அவர் எதிர்பார்த்ததைவிட 40 ராத்தல் அதிகம். வர்ணப் பூச்சு, மெத்தை, இரவில் பறப்பதற்கான விளக்குகள் என்று ஏழு வருஷத்தில் ஆசைப்பட்டுச் சேர்த்தவை எல்லாம் தராசில் வந்து உட்கார்ந்துவிட்டன. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றக் கூடாது என்று வள்ளுவர் எச்சரித்ததை எத்தனையோ முறை பள்ளியில் கேட்டவர்தானே அவரும்!

விமானம் பாரங்களோடு சேர்ந்து 1,750 ராத்தலுக்கு மேற்படக் கூடாது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. 1,750-ல் 1,090 போனால் மீதி 660. தொட்டிகள் நிறையப் பெட்ரோல் 36 காலன். காலனுக்கு 6 ராத்தல் வீதம் 216. மிஞ்சுவது 444. இதற்குள் இரண்டு மனிதர்களும் அவர்கள் மூட்டையும் அடங்க வேண்டும்.

இங்கேதான் விசித்திரமான ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, கட்டியவரே விமானத்தின் உற்பத்தியாளர். ஆகவே, 'இவ்விமானத்தின் உச்ச எடை இத்தனை' என்று எழுதும் பேனாவும் அவர் கையில்தான் இருக்கிறது. 1,750 என்பதற்குப் பதிலாக 1,850 என்று எழுதினாலும் சட்டம் அவரைத் தடுப்பதில்லை. ஒரு சுன்னத்தையோ ஓர் ஐந்தையோ மாற்றினால் 40 ராத்தல் கவலை ஒரே நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

"மாற்றவில்லையா?" என்று கேட்டோம்.

"நான் எழுதியதை இன்ஸ்பெக்டர் படிப்பார், ஸார். இறக்கை படிக்காதே!" என்றார்.

ஒரு முறை 230 ராத்தல் எடையுள்ள நண்பர் ஒருவர் 50 ராத்தல் பெட்டியுடன் வந்தாராம். நம் மாணவர் 182. மூன்றையும் கூட்டினால் 462. அதாவது 18 ராத்தல் மிகுதி. ஸ்நேகிதரைக் குறைக்க முடியாது. பெட்டியைக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே 3 காலன் பெட்ரோல் குறைவாக ஊற்றிக்கொண்டு, தூரத்தையும் அதற்குத் தக்கபடி சுருக்கிக்கொண்டு போய் வந்தார்கள். நமது முறை வந்தபோது, மிகவும் மரியாதையாக, "ஸார், தாங்கள் எத்தனை ராத்தல்?" என்று கேட்டார். நாம் சொன்ன விடையை ஏற்றுக்கொள்ளாமல், செருப்பு, கைப்பை, முறுக்கு டப்பா சகிதம் தராசில் நிற்க வைத்துவிட்டார். பரீட்சை எழுதும் இடத்தில் இருப்பது எவ்வளவு சங்கடம் என்பது அப்போது தெரிந்தது.

அடுத்த பக்கம் வேகம். இந்த வகை விமானம் மணிக்கு 180 மைலுக்கு மேல் போகும் என்று பிரசுரத்தில் இருக்கிறது. அது பொய்யன்று. 8,000 அடி உயரத்தில், எஞ்சினின் சக்தியில் முக்கால் பங்கைச் செலவிட்டுப் பறந்தால் கிடைக்கும் வேகம் அது. ஆனால் நம் மாணவர் பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினைச் சற்றே தணித்து ஓட்டுகிறார். ஒரே உயரத்தில் எதிரும் புதிருமாகப் பல முறை பறந்து, சாடிலைட் காட்டிய வேகங்களைச் சராசரி எடுத்து, தம் விமானத்துக்கு அவர் எழுதியிருக்கும் எண் 160.

இந்த 160-உம் பிரயாணத்தில் என்ன கதியாகிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை காலை கொலம்பியா என்னும் ஊருக்குக் கிளம்பினோம். 1850-ல் தங்க வேட்டைக்காரர்கள் எழுப்பிய ஊர் அது. 1945 முதல் கலிபோர்னியா அரசாங்கம் அதைப் பழைய கோலத்திலேயே பாதுகாத்து வருகிறது. பெரிய வீதியில் மோட்டார் நுழையக் கூடாது. குதிரை வண்டி போகிறது. குழந்தைகள் தொட்டி நீரில் மண்ணை அலசித் தங்கப் பொடி தேடுகிறார்கள். சின்ன விமான நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆகாய மார்க்கத்தில் 80 மைல். 160 மைல் வேகத்துக்கு அரை மணிதானே? ஆனால் வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கால் மணி. விமானத்தைச் சுற்றி வந்து, எண்ணெய் பார்த்து, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடிக் குழலில் பிடித்துப் பார்த்து, ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க 35 நிமிஷம். எஞ்சினைச் சூடாக்கி ஓடுபாதைக்குப் போக 10 நிமிஷம். பறந்தது 35 நிமிஷம். இறங்கிய இடத்தில் விமானத்தைக் கயிற்றால் கட்ட 10 நிமிஷம். ஊருக்குள் நடக்கக் கால் மணி. ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். அதே ஊருக்குச் சாலை வழியே காரில் போனாலும் ஏறக்குறைய இரண்டு மணிதான்! போக வரப் பெட்ரோல் 12 காலன், காலன் 6 டாலருக்கு மேல். சாப்பாட்டையும் சேர்த்ததில் 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்ற பெயர் பரிகாசமல்ல, கணக்கு என்பது ருசுவாயிற்று.

ஆனால் அந்த 35 நிமிஷம்! லிவர்மோரை விட்டதும் ஆல்டமான்ட் கணவாயில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றன. அப்பால் நம் தஞ்சை ஜில்லாவை ஞாபகமூட்டும் சமவெளி. கோடு போட்ட நோட்டுப் போல வாதுமைத் தோப்புகள். கிழக்கே ஸியரா மலைத்தொடர். அந்த வருஷம் பனி மிகுதியாகப் பெய்திருந்ததால், மே மாதத்திலும் சிகரங்கள் சலவை வேஷ்டியைப் போல் வெளுத்துக் கிடந்தன. கால மிச்சத்துக்காக இதில் ஏறுகிறவன் ஏமாந்து போவான்.

திரும்பும் வழியில் காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. போகும்போது பின்காற்று லாபம், வரும்போது எதிர்காற்று நஷ்டம், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 40 மைல் காற்று அடிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். போகும்போது வேகம் 200. 80 மைலுக்கு 24 நிமிஷம். வரும்போது 120, 40 நிமிஷம். மொத்தம் 64. காற்றே இல்லாவிட்டால் 60. லாபம் அனுபவிக்கும் நேரம் குறைவு. நஷ்டம் அனுபவிக்கும் நேரம் அதிகம். ஆகையால் காற்று எப்போதும் கொஞ்சம் கந்து வட்டி வாங்கியே தீரும். பெட்ரோலைக் கணக்குப் பார்த்து ஊற்றுகிறவன் இந்த வட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை டாஹோ ஏரிக்குப் போவதாகத் திட்டம். ஸியரா மலைக்கு அப்பால் உள்ள அந்த ஏரியின் அழகைப் பற்றி நாம் எவ்வளவோ கேள்விப்பட்டிருந்தோம். காரில் மூன்று மணிக்கு மேல். விமானத்தில் ஒரு மணிக்கு உள்ளே. வெள்ளிக்கிழமை இரவே நம் மாணவர் கணக்குப் போட உட்கார்ந்தார். ஏரிக்கரை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,270 அடி. பகலில் 20 டிகிரி வெயில் இருந்தால், காற்று விரிந்து மெலிந்து, 8,300 அடி உயரத்துக் காற்றைப் போல் ஆகிவிடும். கடல் மட்டத்தில் 100 பங்கு இருக்கும் காற்று அங்கே 78 பங்குதான். எஞ்சின் சுவாசிப்பதும் அந்த மெல்லிய காற்றைத்தான். இறக்கை ஊன்றிக் கொள்வதும் அதன்மேல்தான். 160 குதிரைகளில் ஏறக்குறைய 40 குதிரைகள் லாயத்திலேயே படுத்துவிடும். என்றாலும் ஓடுபாதை நீளமானது. எடையும் அளவுக்குள் இருந்தது. "போகலாம், ஸார்" என்றார். ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதிக் கோடிட்டார்: மலைமுகட்டில் காற்று 25 நாட்டைத் தாண்டினால் திரும்பிவிட வேண்டும். 25 நாட் என்றால் மணிக்கு 29 மைல்.

காரணம் கேட்டோம். மேற்கிலிருந்து வரும் காற்று மலையின் இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் அருவியைப் போல் கீழே விழுகிறது. ஏரி இருப்பது விழும் பக்கத்தில். விழும் காற்று வலுத்தால், இந்தச் சின்ன எஞ்சின் முழுப் பலத்தோடு ஏறினாலும் விமானம் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

காலையில் வந்த வானிலை முன்னறிவிப்பு முகட்டில் 20 நாட் என்றது. கிளம்பினோம். பிளேஸர்வில் என்ற ஊருக்கு மேலாக 11,500 அடியில் போய்க்கொண்டிருந்தோம். வெளியே ஒரு சலனமும் இல்லை. ஆகாயம் நிர்மலமாக இருந்தது. பனிச் சிகரங்கள் கை நீட்டினால் தொடலாம் போலிருந்தன. அவர் எதிரே இருந்த திரையில் இரண்டு எண்களைச் சுட்டிக் காட்டி, "கழித்துச் சொல்லுங்கள், ஸார்" என்றார். காற்றில் நமது வேகம் 160. தரைக்கு மேல் நமது வேகம் 200.

"நாற்பது" என்றோம்.

நாற்பது மைல் என்றால் 35 நாட். அவர் வேறொன்றும் பேசவில்லை. விமானம் மெதுவாக இடப் பக்கம் சாய்ந்து, மலையைப் பின்னால் விட்டுத் திரும்பியது. ஏரி அந்த முகட்டுக்கு அப்பால், நமக்குக் காணக் கிடைக்காமலே நின்றுவிட்டது. எண்ணாயிரம் ஒன்பதாயிரம் மைல் கடந்து வந்த வாத்தியாருக்கு அந்த ஏரியைக் காட்ட வேண்டுமென்று அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அவ்வளவு ஆசையும் ஒரு கழித்தல் கணக்குக்கு முன்னால் வாய் திறக்கவில்லை.

பிளேஸர்வில்லின் சிறு விமான நிலையத்தில் இறங்கி, ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து, அவர் மனைவி கட்டிக் கொடுத்திருந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். "தாங்கள் இல்லாமல் நான் தனியாக வந்திருந்தாலும் திரும்பித்தான் இருப்பேன், ஸார்" என்றார், கொஞ்சம் சமாதானம் சொல்லும் குரலில். "அப்படித் திரும்புகிறவன் என்று தெரிந்ததால்தானே அப்பா, உன்னோடு ஏறினோம்" என்று சொன்னோம். அந்த எச்சரிக்கைப் பலகையை நாம் மூன்றாம் முறை படிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பத்தாம் வகுப்பில் 80 மைலையும் 160 மைல் வேகத்தையும் 40 மைல் காற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பெரும்பாலோர் 60 நிமிஷம் என்று உடனே விடை எழுதிவிட்டார்கள். நாலு பேர் போவதையும் வருவதையும் தனித்தனியே போட்டுப் பார்த்து 64 என்று எழுதினார்கள். அந்த நாலு நிமிஷத்துப் பெட்ரோல் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டோம். வகுப்பு நிசப்தமாகிவிட்டது.

நம் மாணவரிடமிருந்து அந்த வருஷக் கடைசியில் கடிதம் வந்தது. அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மலைமுகட்டில் காற்று 8 நாட் மட்டுமே இருந்ததாம். மனைவியை அழைத்துக்கொண்டு டாஹோவுக்குப் போய், ஏரிக்கரையில் சாப்பிட்டுவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பியிருக்கிறார்கள். கடிதத்தின் அடியில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஆசன மெத்தைகளை மாற்றிய பிறகு விமானத்தை மறுபடியும் தராசில் ஏற்றிப் பார்த்தாராம். 6 ராத்தல் கூடியிருந்தது. புஸ்தகத்தின் முதல் பக்கத்தில் 1,090-ஐ அடித்து 1,096 என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். ஏரியின் போட்டோவோடு அந்தப் பக்கத்தின் போட்டோவையும் நமக்கு அனுப்பியிருந்தார். வகுப்பில் காட்டுவதற்கு நாம் எடுத்துப் போனது இரண்டாவது போட்டோவைத்தான்.